மகளுக்குக் கண்ணாடி செய்யிற கடை: மூண்டு வருசமாப் போய்வந்த கணக்கு

முதலிலயே சொல்லிப்போடுறன், கடையின்ர பேரை இதில போடேல்ல. ஒளிக்கிறதுக்கில்ல, கடைக்கார ஐயாவே "பிள்ளை, பேர் கீர் போட்டு எழுதிப்போடாதையுங்கோ, இருக்கிற வேலையே முடிக்க ஏலாமக் கிடக்கு" எண்டு கும்பிடாத குறையாச் சொன்னவர். யாழ்ப்பாண ரவுணுக்குள்ள, கஸ்தூரியார் வீதிப் பக்கம், மாடிப்படி ஏறிப் போகவேணும், அவ்வளவுதான். மிச்சத்தை கண் கிளினிக் வாங்கில சின்னக் கண்ணாடி போட்ட பிள்ளையை மடியில வச்சுக்கொண்டிருக்கிற எந்தத் தாயைக் கேட்டாலும் சொல்லுவா, நானும் அப்பிடிக் கேட்டுத்தான் போனனான்.

பேப்பர் வாசிக்கக் கண்ணாடி, மோட்டச்சைக்கிள் ஓடக் கூலிங்கிளாஸ் தேடுற ஆக்கள் இதோட நிப்பாட்டலாம், அதுக்கு உங்க ஏசி போட்ட கடையள் நிறையக் கிடக்கு. இது பிறக்கேக்கயே கண்புரை வந்து ஒப்பரேசன் செய்த பிள்ளையளின்ர தாய் தகப்பனுக்கு எழுதுறது. கொஞ்சம் நீளும், ஏனெண்டா ஒப்பரேசனுக்குப் பிறகு என்ன நடக்கும் எண்டு எனக்கு ஒருத்தரும் முதலே சொல்லேல்ல, கடையைப் பற்றிச் சொல்லவேணுமெண்டா அதையும் சொல்லத்தான் வேணும்.

என்ர மகளுக்கு இப்ப மூண்டு வயசும் ரெண்டு மாசமும். ரெண்டு கண்ணிலயும் புரையோட பிறந்தவள். புரை எண்டா அம்மம்மாக்களுக்கு வாற வருத்தம் எண்டுதான் நானும் நினைச்சிருந்தனான். கண்டுபிடிச்சது டொக்டருமில்ல நானுமில்ல, துடக்குக் கழிவுக்குப் படம் எடுக்க வந்த தம்பி. 31ஆம் நாள், வீடு நிறையச் சனம், பிள்ளைக்குக் கன்னத்தில பொட்டு வச்சு மடியில கிடத்தி ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில எங்கட கண்ணெல்லாம் சிவப்பாத் தெரியுது, பிள்ளையின்ர ரெண்டு கண்ணும் மட்டும் நடுவில வெள்ளையா, பால் சொட்டு விட்ட மாதிரி. "அக்கா, உதைக் கொம்பியூட்டரில போட்டுச் சரி செய்து தாறன்" எண்டு அந்தத் தம்பி சொன்னவன். பாவம், அவனுக்கென்ன தெரியும். அந்தச் சிவப்புத்தான் நல்லதாம், வெளிச்சம் கண்ணின்ர அடியில பட்டுத் திரும்பி வந்தாத்தான் சிவப்பு விழும், வழியில லென்ஸ் வெளுத்துப்போய் மறிச்சுக்கொண்டு நிண்டா விழாது. சில பிள்ளையளுக்கு அந்த வெள்ளை கண்ணுக்குள்ள வாற புற்றுநோயாவும் இருக்குமாம். உங்கட ஃபோனில அப்பிடி ஒரு படம் இருந்தா அழிச்சுப்போடாம அடுத்த நாளே கொண்டுபோய்க் காட்டுங்கோ.

நாங்கள் அடுத்த நாள் போகேல்ல. அதையும் எழுதத்தான் வேணும். மாமி தாய்ப்பால் ரெண்டு சொட்டு விடச் சொன்னவா, விட்டனான். சின்னம்மா ஒராள் நந்தியாவட்டைப் பூவை ஒத்தி எடுக்கச் சொன்னவா, அதுவும் செய்தது. இவர் "பிறந்த பிள்ளைக்குக் கண் அப்பிடித்தான் இருக்கும்" எண்டவர். இப்பிடியே மூண்டு கிழமை போட்டுது. பிறகு மிட்வைஃப் அக்கா நிறை பாக்க வந்த இடத்தில பிள்ளை முகத்தைப் பாக்குதில்ல எண்டு கண்டு ரோச் அடிச்சுப் பாத்துட்டு, கொப்பியில ஒண்டும் எழுதாம என்னை நிமிந்து பாத்து "இப்பவே வெளிக்கிடுங்கோ" எண்டவா. அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டன்.

கொழும்பில ஒப்பரேசன் நடக்கேக்க பிள்ளைக்குப் பதினொரு கிழமை. ஒரு கண்ணில மட்டும் புரை எண்டா ஆறு கிழமைக்குள்ள, ரெண்டு கண்ணிலயும் எண்டா எட்டு, மிஞ்சினாப் பத்துக் கிழமைக்குள்ள எடுத்தாத்தான் நல்லது எண்டு டொக்டர் சொன்னவர். எங்களைக் குத்திக்காட்டக் கூடாதெண்டு மெல்லமாத்தான் சொன்னவர், ஆனா எனக்கு அந்த மூண்டு கிழமையும் இண்டைக்கும் நெஞ்சுக்குள்ள கிடக்கு.

என்னெண்டா கண் மட்டும் பாக்கிறேல்லயாம், மூளை பாக்கப் பழகவேணுமாம். பழகிறதுக்கு ஒரு காலம் இருக்காம், அந்தக் காலத்தில கண்ணுக்குள்ளால தெளிவான படம் போகாட்டி பிறகு கண்ணைக் கழுவித் துடைச்சு விட்டாலும் மூளை "இது எனக்குத் தெரியாத பாஷை" எண்டு இருந்திடுமாம். ஹியூபல், வீசல் எண்ட ரெண்டு பேர் பூனைக்குட்டியின்ர ஒரு கண்ணைத் தைச்சு வச்சுப் பாத்து இதைக் கண்டுபிடிச்சு 1981இல நோபல் பரிசு வாங்கினவை. கனடாவில இருக்கிற என்ர தங்கச்சி இன்னொண்டு அனுப்பினவள், அதை வாசிச்சுத்தான் நான் அழுகையை நிப்பாட்டினது. 1999இல டாப்னி மௌரர் எண்ட பேராசிரியையும் அவவோட சேந்தவையும் அங்க புரை எடுத்த 28 கைக்குழந்தையளுக்குப் பார்வை அளந்து பாத்திருக்கினம். லென்ஸ் போட்ட உடன எல்லாற்ற பார்வையும் அப்பத்தான் பிறந்த பிள்ளை மாதிரி, ஒம்பது மாசப் பிள்ளைக்கும் அதேதான். ஆனா ஒரேயொரு மணித்தியாலம் முழிச்சிருந்து பாத்த உடனயே பார்வை கூடியிருக்கு. ஒரு மணித்தியாலம், யோசிச்சுப் பாருங்கோ. அண்டையிலயிருந்து கண்ணாடி கழண்டு கிடக்கிற ஒவ்வொரு மணித்தியாலத்தையும் கணக்குப் பாக்கிற விசர் எனக்கு வந்துட்டுது.

பிந்தினா ஒண்டும் இல்லையோ எண்டு கேக்கிற ஆக்களுக்கு: அப்பிடியுமில்ல. டில்லியில பவன் சின்ஹா எண்டவர் நடத்திற பிரகாஷ் திட்டத்தில எட்டு வயசு, பதினேழு வயசு எண்டெல்லாம் புரையோட இருந்த பிள்ளையளுக்கு ஒப்பரேசன் செய்திருக்கினம். கட்டு அவிட்ட உடன, கையால தடவிப் பாத்த சாமானைக் கண்ணால பாத்து இதுதான் அது எண்டு சொல்லத் தெரியேல்ல அந்தப் பிள்ளையளுக்கு, 2011இல அதை எழுதியிருக்கினம். ஆனா ஒரு சில நாளில பிடிச்சிட்டினம். கூர்மை முழுசா வராதாம், ஆனா நடக்க, ஆக்களை அடையாளம் காண, வேலை செய்யப் போதுமான பார்வை வருமாம். சாவகச்சேரிப் பக்கத்தால வாற ஒரு அம்மா, அவவின்ர பெடியனுக்கு ஆறு வயசில செய்தது, "இனி என்ன வரப்போகுது" எண்டு கிளினிக்கையே விட்டுட்டு இருந்தவா, அவவுக்கு இதைத்தான் வாங்கிலயிருந்து சொன்னனான்.

சரி கடைக்கு வாறன்.

ஒப்பரேசன் முடிஞ்ச அண்டைக்கு நாங்கள் எல்லாருக்கும் ஃபோன் அடிச்சு "பிள்ளைக்குக் கண் தெரியும்" எண்டு சொன்னனாங்கள். அம்மம்மா "ஆற்ற கண்ணை வச்சவை?" எண்டு கேட்டவா. கண் தானம், கண் மாத்திறது எல்லாம் கண்ணுக்கு முன்பக்கத்தில இருக்கிற கோர்னியாவோட சேந்த கதை, புரை அதுக்குப் பின்னால இருக்கிற லென்ஸ் வெளுக்கிறது, ரெண்டும் வேற. மகளுக்கு வெளுத்த லென்ஸை எடுத்துப்போட்டு உள்ளுக்க ஒண்டும் வைக்கேல்ல. பெரியாக்களுக்கு உடனயே செயற்கை லென்ஸ் வைப்பினம், கைக்குழந்தையின்ர கண் மாசத்துக்கு மாசம் வளரும், இண்டைக்கு அளவா வச்ச லென்ஸ் பிறகு அளவில்லாமப் போகும். ஒரு கண்ணில புரை வந்த 114 குழந்தையளை வச்சு அமெரிக்காவில செய்த பெரிய ஆய்வில பாதிப் பேருக்கு உள்ளுக்க லென்ஸ், பாதிப் பேருக்கு வெளியில கொன்ராக்ட் லென்ஸ், நாலரை வயசில பாத்தா பார்வை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான், உள்ளுக்க வச்ச பிள்ளையளுக்குத்தான் திரும்பத் திரும்ப ஒப்பரேசன் தேவைப்பட்டிருக்கு. இதைச் சொல்லி எங்கட டொக்டர் "இப்ப வைக்காம விடுவம், பள்ளிக்கூடம் போற வயசுக்குக் கிட்ட யோசிப்பம்" எண்டவர்.

அப்ப என்ன அர்த்தம்? லென்ஸ் இல்லாத கண் கண்ணாடி இல்லாட்டி ஒண்டையும் வடிவாப் பாக்காது. வெளிச்சம் உள்ளுக்கப் போகும், படம் விழாது. மகளுக்குக் கண்ணாடிதான் லென்ஸ், அது மூக்கில இருந்தாப் பார்வை, இல்லாட்டி இல்ல. ஒப்பரேசன் ஒரு கண்ணுக்கு ஒரு மணித்தியாலமும் எடுக்கேல்ல. மிச்சம் முழுக்கக் கண்ணாடி.

முதல் கண்ணாடி இந்தக் கடையில செய்யேல்ல. அவசரத்தில வேற ஒரு இடத்தில செய்தது, எங்க எண்டு சொல்லேல்ல. பவர் 26. ஃபிரேம் நாலு வயசுப் பிள்ளையின்ர, "வளர்ந்தாப் பிறகும் போடலாம் தானே" எண்டு குடுத்தவை, சப்பாத்து வாங்கிற மாதிரி. பதின்மூண்டு கிழமைப் பிள்ளைக்கு மூக்கெண்டு ஒண்டே இல்ல, அந்தக் கண்ணாடி சொண்டில வந்து நிக்கும். நான் தூக்கித் தூக்கி விடுவன், அவள் அழுவாள், அது வழுகும். ரெண்டு கிழமை இப்பிடிப் போச்சுது, ரெண்டு கிழமை எண்டா எத்தினை மணித்தியாலம் எண்டு நான் சொல்லத் தேவையில்ல.

அப்பத்தான் கிளினிக் வாங்கில ஒரு மானிப்பாய் அக்கா என்ர பிள்ளையின்ர முகத்தைப் பாத்திட்டு "உதைக் கழட்டி வச்சிட்டு இஞ்ச போங்கோ" எண்டு இந்தக் கடையைச் சொன்னவா.

கடை பாக்க ஒண்டுமில்ல. ஒரு மேசை, ஒரு கண்ணாடி அலுமாரி, பழைய கலண்டர், ஒரு ஃபான், அதுவும் தலையை ஆட்டிற ஃபான், ஆட்டேக்க கிறீச் எண்டும். ஐயாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். நான் டொக்டர் பவர் எழுதித் தந்த துண்டை நீட்டினன், அவர் துண்டை வாங்கேல்ல, பிள்ளையைத்தான் பாத்தவர். பிறகு கதிரையால எழும்பி வந்து நிலத்தில சப்பாணி கட்டி இருந்திட்டார். "பிள்ளையை உங்கட மடியில வச்சு எனக்கு நேர திருப்புங்கோ." சின்ன ரோச் ஒண்டை அவவின்ர கண்ணுக்கு நேர பிடிச்சு ரெண்டு கருமணிக்கும் நடுவில எவ்வளவு தூரம் எண்டு அடிமட்டத்தால அளந்தவர், ஒருக்கா இல்ல, நாலு தரம், பிள்ளை தலையை ஆட்ட ஆட்ட. மூக்கின்ர அடியை விரலால தொட்டுப் பாத்தவர். காதுக்குப் பின்னால தொட்டுப் பாத்தவர். பிறகுதான் துண்டு. கண்ணாடி வந்தாப் பிறகும் அப்பிடித்தான், போட்டுவிட்டு லென்ஸில கறுத்தப் பேனையால ஒரு புள்ளி வச்சு, அந்தப் புள்ளி கருமணிக்கு நேர நிக்குதோ எண்டு பாத்து, நிக்கேல்ல எண்டு கழட்டி, சட்டியில சுடுமணல் மாதிரி ஒண்டு வச்சிருக்கிறார் அதுக்குள்ள காதுக் கம்பியைச் செருகிச் சூடாக்கி, வளைச்சு, தன்ர கன்னத்தில வச்சுச் சூடு பாத்து, திரும்பப் போட்டு. முக்கால் மணித்தியாலம். வெளியில ரெண்டு பேர் வாசிக்கிற கண்ணாடிக்குக் காத்துக்கொண்டு நிக்கினம், அவர் திரும்பியும் பாக்கேல்ல.

"ஏன் ஐயா இவ்வளவு மினக்கெடுறியள்?" எண்டு கேட்டன். அவர் சொன்ன கணக்கை நான் பிறகு இவரிட்டச் சொல்லிச் சரிபாத்தது, இவர் கணித வாத்தியார். சும்மா ரெண்டு பவர் கண்ணாடி மூக்கில வழுகினா ஒண்டும் ஆகாது. இருபது பவர் கண்ணாடி இருக்கவேண்டிய இடத்திலயிருந்து ஐஞ்சு மில்லிமீற்றர் முன்னுக்கு வழுகினாக் கண்ணுக்கு ரெண்டு பவருக்கு மேல கூடின மாதிரி. ரெண்டு பவர்! டொக்டர் அரைப் பவர் கூட்டிக் குறைச்சு எழுதித் தாறார், ஒரு வழுகலில அதைப்போல நாலு மடங்கு பிழை. அப்ப அந்த முதல் ரெண்டு கிழமையும் என்ர பிள்ளை சொண்டில கிடந்த கண்ணாடிக்குள்ளால என்னத்தைப் பாத்திருப்பாள்.

ஐயா காதுக் கம்பிக்குப் பதிலாப் பின்னால ஒரு மெல்லிய இலாஸ்ரிக் பட்டி போட்டுக் குடுத்தவர், தலையைச் சுத்தி. மூக்கில மெத்து மெத்தெண்ட ரப்பர். அதோட ஒரு புத்தி: "கழட்டினாத் திரும்பப் போடுங்கோ, கோவிக்காதையுங்கோ, ஒண்டும் சொல்லாதையுங்கோ, சும்மா திரும்பப் போடுங்கோ." முதல் நாள் நாற்பது தரமாவது கழட்டியிருப்பாள். ஒரு கிழமையில பத்து. பிறகு விடியக் கண்முழிச்ச உடன கண்ணாடிக்குத்தான் கை போகும், எனக்கில்ல.

அண்டைக்குக் கடையில நடந்ததைச் சொல்லவேணும். பட்டியைக் கட்டிவிட்டிட்டு ஐயா தள்ளிப் போட்டார். பிள்ளை அழுகையை நிப்பாட்டிட்டு அம்மம்மாவின்ர முகத்தைப் பாத்தாள். பாத்தாள் எண்டா அது வரைக்கும் அவள் பாத்ததில்ல, வெளிச்சம் வாற பக்கம் திரும்புவாள் அவ்வளவுதான். இப்ப நெத்தியைப் பாக்கிறாள். அம்மம்மா நல்ல வட்டமாச் சிவப்புக் குங்குமம் வைக்கிறவா. அதையே பாத்தாள், அம்மம்மா தலையை இஞ்சால அசைக்க இவளின்ர கண்ணும் கூட வந்துது. கண் கொஞ்சம் ஆடும், பிந்தி ஒப்பரேசன் செய்ததால வந்த ஆட்டம், அது இப்பவும் இருக்கு, ஆனா ஆடி ஆடிக் குங்குமத்துக்குத்தான் திரும்பி வந்துது. அம்மம்மா அண்டையிலயிருந்து பொட்டைப் பெரிசா வைக்கிறா, பத்துச்சதக் குத்தி அளவில இருந்தது இப்ப ரெண்டு ரூபாக் குத்தி அளவு.

இனிக் குறையளும் சொல்லவேணும், இல்லாட்டி இது விளம்பரம் மாதிரிப் போயிடும்.

ஒண்டு, காலம். இந்தப் பவருக்கு லென்ஸ் இஞ்ச இருப்பில இல்ல, கொழும்புக்குச் சொல்லித்தான் வரவேணும். பத்து நாள் எண்டு சொல்லுவார், பதினெட்டு நாள் ஆகும். ஒருக்கா இருபத்தாறு நாள். ஃபோன் அடிச்சா "வந்துகொண்டிருக்கு" எண்டுவார், பஸ்ஸில ஏறிட்டுதோ இல்லையோ எண்டு கேக்கக் கூடாது. இதால நான் பழகின பழக்கம், பழைய கண்ணாடியை எறியிறேல்ல. புதுசு முறிஞ்சா பழசு பவர் கூடவா இருந்தாலும் ஒண்டுமில்லாததுக்கு மேல.

ரெண்டு, காசு. கடைசியாச் செய்தது ஃபிரேமோட 31,500 ரூபா. இதுவரை ஏழு கண்ணாடி, கணக்குப் பாக்கேல்ல, பாக்கவும் விருப்பமில்ல. ஆஸ்பத்திரியில ஒப்பரேசன் இலவசம், கண்ணாடி எங்கட கை. இந்த விலை இந்தக் கடையின்ர பிழையில்ல எண்டு மற்ற இடங்களிலயும் விசாரிச்சுப் பாத்தனான், ரெண்டு மூவாயிரம் வித்தியாசம்தான். காட் எடுக்கமாட்டார், காசுதான். பிள்ளை வளரேக்க பவர் குறைஞ்சுகொண்டு வரும், மகளுக்கு 26இல தொடங்கி ஒரு வயசில 21, இப்ப 16, அதால வருசத்துக்கு ரெண்டு கண்ணாடி எண்டு மனதை ஆயத்தப்படுத்தி வையுங்கோ. இரண்டாவது கண்ணாடியிலயிருந்து ஃபிரேம் நல்லா இருந்தா லென்ஸுக்கு மட்டும்தான் காசு எடுக்கிறார், அதைக் கட்டாயம் சொல்லவேணும்.

மூண்டு, அந்த மாடிப்படி. செங்குத்து. ஒரு கையில பிள்ளை, ஒரு கையில பை, சாறி உடுத்திருந்தா நினைச்சும் பாக்காதையுங்கோ. ஒரு மணிக்குச் சாப்பிடப் போனார் எண்டா மூண்டு மணிக்குத்தான் வருவார், வெயிலுக்க நிண்டு காய்ஞ்சிருக்கிறன்.

ரெண்டு தட்டுக் கண்ணாடியைப் பற்றி ஒரு கதை. லென்ஸ் இல்லாத கண்ணுக்குக் கிட்டப் பாக்க ஒரு பவர், தூரப் பாக்க ஒரு பவர் வேணும், கண் தானா மாத்திக்கொள்ளாது. கைக்குழந்தைக்கு எல்லாமே கைக்கெட்டின தூரத்திலதானே, அதால கிட்டத்துக்கெண்டு கொஞ்சம் கூட்டி ஒரே பவரில குடுப்பினம். நடக்கத் தொடங்கி தூரம் பாக்க வெளிக்கிட்டாப் பிறகு மேல தூரத்துக்கும் கீழ கிட்டத்துக்கும் எண்டு ரெண்டு தட்டு. மகளுக்கு ரெண்டரை வயசில எழுதித் தந்தவை. அப்ப ஐயா சுகமில்லாம ஒரு மாதம் கடை பூட்டு, நான் வேற இடத்தில குடுத்தன். வந்த கண்ணாடியைப் பாத்தா அந்தப் பிரிக்கிற கோடு கீழ, பேப்பர் வாசிக்கிற தாத்தாமாருக்கு வைக்கிற மாதிரி. பிள்ளை கோட்டுக்கு மேலாலயே எல்லாத்தையும் பாத்துக்கொண்டு திரிஞ்சாள், படம் கீறேக்க பேப்பரில மூக்கு முட்டும். கிளினிக்கில பாத்திட்டு, சின்னப்பிள்ளைக்குக் கோடு கருமணிக்கு நடுவால போகவேணும், அப்பத்தான் குனியாமலே கீழ்த்தட்டுக்கால பாப்பாள் எண்டு சொல்லித் திருப்பி அனுப்பினவை. அந்தக் கடைக்காரர் "எல்லாருக்கும் இப்பிடித்தான் செய்யிறனாங்கள்" எண்டு என்னோட வாதாடினவர். எல்லாருக்கும் எண்டா ஆர், கண்ணுக்குள்ள லென்ஸ் இருக்கிற எல்லாருக்குமோ? காசும் போய் ஆறு கிழமையும் போச்சு. ஐயா திரும்பி வந்தோண்ணை கோட்டைப் பாத்திட்டு ஒண்டும் சொல்லேல்ல, "ம்" எண்டு மட்டும் சொன்னவர், அந்த "ம்" போதும்.

கண் மூடுற பிளாஸ்ரரைப் பற்றியும் இதில எழுதிவிடுறன், அவரிட்டத்தான் வாங்கிறது. மகளுக்கு இடது கண்ணில புரை கனம், அந்தக் கண் பின்தங்கிக் கிடக்கு, மூளை சுகம் கண்டு நல்ல கண்ணை மட்டும் பாவிக்கும், அதால நல்ல கண்ணை நாளுக்கு ரெண்டு மணித்தியாலம் மூடச்சொல்லி எங்களுக்குச் சொன்னவை. உங்கட பிள்ளைக்கு எவ்வளவு எண்டு உங்கட டொக்டர்தான் சொல்லவேணும், கூட மூடினா நல்ல கண்ணும் கெட்டுப்போகும். தோலில ஒட்டுற பிளாஸ்ரர் யாழ்ப்பாண வெயிலுக்கு, அதுவும் சித்திரை வைகாசியில, அரை மணித்தியாலத்தில வியர்வையில வழண்டு வந்திடும், கழட்டேக்க இமை மயிரும் கூட வரும், கன்னம் முழுக்கச் சிவந்துபோகும். துணியில தைச்சுக் கண்ணாடியில செருகிற உறை தோலுக்கு நல்லது, ஆனா கள்ளி விளிம்பால எட்டிப் பாப்பாள். நாங்கள் இப்ப காலமை குளிக்க முதல், வெயில் ஏற முதல், ஒட்டுறது. ஒட்டிட்டு ஒரு சுளகில பயறையும் உழுந்தையும் கலந்து வச்சுப் பொறுக்க விடுவன். முதல் நாளையில கையால தடவித் தடவிப் பொறுக்கினவள். இப்ப இடது கண்ணால பாத்துத்தான் பொறுக்கிறாள். போன கிழமை உழுந்துக்குள்ள ஓடின ஒரு எறும்பைக் கண்டு "அம்மா, உழுந்து நடக்குது" எண்டாள்.

இதெல்லாம் கடையைப் பற்றியதோ எண்டு கேப்பியள். ஓம், அந்தக் கோடும் புள்ளியும் பிழைச்சிருந்தா எறும்பு தெரிஞ்சிருக்காது.

சனம் என்ன சொல்லும் எண்டு பயந்து கண்ணாடி போடாம வச்சிருக்கிற தாய்மாரும் இருக்கினம், அவைக்கு ஒரு வார்த்தை. சோடாப்போத்தில் கண்ணாடி எண்டுதான் சொல்லுவினம், பஸ்ஸில திரும்பித் திரும்பிப் பாப்பினம், அந்த லென்ஸுக்குள்ளால பிள்ளையின்ர கண் மாட்டுக்கண் மாதிரிப் பெரிசாத்தான் தெரியும். நல்லூர்த் திருவிழாவுக்குத் தூக்கிக்கொண்டு போகேக்க ஒரு மனிசி "பொம்பிளைப் பிள்ளைக்கு இந்த வயசில கண்ணாடியோ, சொந்தத்துக்க செய்தனியளோ" எண்டு கேட்டவா. சொந்தத்துக்க செய்தாலும் சில பரம்பரைப் புரை வரலாம்தான், ஆனா பரம்பரையில ஒருத்தருக்கும் இல்லாமலும் வரும், ஏன் வந்ததெண்டே தெரியாமலும் வரும், கர்ப்பத்தில ஜேர்மன் சின்னமுத்து வந்தாலும் வரும். அந்த ருபெல்லாவுக்கு இஞ்ச 1996இலயிருந்து ஊசி போடினம், அதால அந்த வழி இப்ப இலங்கையில அடைபட்ட மாதிரித்தான். இவ்வளவையும் நல்லூர் வெளிவீதியில நிண்டு சொல்ல ஏலுமே, "ஓம் அன்ரி, அவளுக்கு முருகனை வடிவாப் பாக்கவேணுமாம்" எண்டிட்டு வந்தனான்.

கண்ணாடி சரி எண்டு கிளினிக்கை விட்டிடாதையுங்கோ. புரை எடுத்த பிள்ளையளுக்குக் கண்ணழுத்தம், குளுக்கோமா எண்டுறது, வருசங்கள் கழிச்சும் வரும், நோ ஒண்டும் தெரியாமலும் வரும். வாழ்நாள் முழுக்கப் பாக்கவேணுமாம். இதையும் எனக்குப் படிப்படியா, ஒவ்வொரு கண்ணாடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாச் சொன்னவர் கடை ஐயாதான், ஒவ்வொரு முறையும் "அழுத்தம் பாத்தவையோ?" எண்டு கேக்காமத் துண்டை வாங்கமாட்டார்.

இப்ப பார்வை வலது 6/18, இடது 6/36, அதாவது நல்ல கண் 18 மீற்றரிலயும் 36 மீற்றரிலயும் காணுறதை இவள் 6 மீற்றருக்குக் கிட்ட வந்துதான் காணுவாள். மற்றப் பிள்ளையள் மாதிரி இல்ல, ஆகவும் மாட்டாது எண்டு டொக்டர் நேராவே சொல்லிட்டார். முன்பள்ளியில முன் வரிசையில இருக்கிறாள், பந்து வந்தா சில நேரம் பிந்தித்தான் காணுவாள், படியில இறங்கேக்க அந்தக் கோடு குழப்புறதால காலால ஒருக்காத் தட்டிப் பாத்திட்டுத்தான் வைப்பாள். கடையின்ர மாடிப்படியிலயும் அப்பிடித்தான், இப்ப தூக்க விடமாட்டாள், கம்பியைப் பிடிச்சுத் தட்டித் தட்டி இறங்குவாள், நான் பின்னால நெஞ்சிடியோட.

அஞ்சுக்கு நாலரை குடுக்கிறன். அரை குறைச்சது மாடிப்படிக்கும் அந்த இருபத்தாறு நாளுக்கும்.

எட்டாவது கண்ணாடிக்குப் போன செவ்வாய்க்கிழமை அளவு குடுத்தாச்சு. முதல் தரமா ஃபிரேமைத் தானே தெரிவு செய்யப்போறாளாம், அலுமாரியில இருந்த நீலம் சிவப்பு எல்லாத்தையும் தள்ளிவிட்டிட்டு மஞ்சள்தான் வேணுமெண்டு நிண்டிட்டாள். அவவின்ர அளவில மஞ்சள் இல்ல. ஐயா கொழும்புக்கு ஃபோன் போட்டவர், பத்து நாளாம்.